வீட்டுச் செய்தி

அன்புள்ள அக்கா,

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா சம்பாதித்துக் கட்டிய ஓட்டு வீடு. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபிறகு எழுந்து நடக்கவில்லை. அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே போகிறது. ஆள் வைத்துச் சமாளித்துப் பார்த்தேன். முடியாமல் இருவரையும் நாகர்கோவிலில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பூட்டிப்போட்டால் வீடு பாழாகுமே என்று, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நான் இங்கே வந்துவிட்டேன். "கிழங்களைக் கொண்டு தள்ளிவிட்டு மகள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்" என்று சொந்தத்தில் பேச்சு. எனக்கும் இங்கே எதையும் தொடக் கை வரவில்லை. அம்மா அடுக்கி வைத்தது வைத்தபடி இருக்க, நான் கொண்டுவந்த இரண்டு பாத்திரங்களில் சமைத்துச் சாப்பிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், வீட்டு விஷயங்களை அவர் சார்பில் கவனிக்க அப்பாவிடம் இப்போதே பவர் பத்திரம் எழுதி வாங்கிவிடு என்கிறார். வீட்டை அப்படியே வைத்திருப்பதா, என் வசதிக்கு மாற்றிக்கொள்வதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொந்தக்காரர்களின் பேச்சை முதலில் தள்ளிவைப்போம். ஒரு வாரம் வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துப் பாருங்கள் என்று அவர்களைக் கூப்பிடுங்கள். அதன்பிறகு உங்கள் தெருப்பக்கமே வரமாட்டார்கள்.

குடியேறியது சரியான காரியம். இரண்டு மழை பெய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனி ஆடிச் சாரல் ஓய்ந்து ஓடு காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. தென்னை மட்டை ஒன்று விழுந்து ஓர் ஓடு விலகினால், ஆள் இருக்கும் வீட்டில் சொட்டுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு, வெயில் கண்டதும் ஏணி போட்டுச் சரிசெய்துவிடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் அதே சொட்டு ஓட்டைத் தாங்கும் கழுக்கோலில் இறங்கும். மரம் ஊறி, கறையான் ஏறி, ஓரிரு வருடத்தில் அந்தப் பக்கமே தொங்கும். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கி புயலில் எங்கள் ஊரில் கூரை போன வீடுகளில், சீக்கிரம் நிமிர்ந்தவை எல்லாம் ஆள் குடியிருந்தவை. 2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்தப் படிப்பு பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பியபிறகு மிஞ்சியவைதான் இந்தப் பூட்டிய வீடுகள். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்துக்கொள்ளக் கேரளத் தொல்லியல் துறை இருக்கிறது. நம் வீடுகளுக்கு எந்தத் துறை வரும்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரண்டு பாத்திரங்கள்தான். சாவு விழுந்த துட்டி வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறீர்கள். அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறினால் போய்ப் பார்க்கும் தூரத்தில் உயிரோடு இருக்கிறார்கள்.

என் சித்தி கடைசிக் காலத்தில் ஓர் இல்லத்தில் இருந்தார். மகள் போகும்போதெல்லாம், "வீடு அப்படியே இருக்கிறது அம்மா, ஒன்றையும் மாற்றவில்லை" என்பாள். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருமுறை நான் போயிருந்தபோது, கிணற்றடி வருக்கைப் பலா இந்த வருடம் காய்த்ததா என்று கேட்டார். காய்த்தது, மழை விழுந்து பாதிச் சக்கை சவசவத்துப் போய்விட்டது என்றேன். எத்தனை வெட்டினார்கள், கொட்டையை மண்ணில் போட்டு வைத்தார்களா, கிழக்கு வீட்டுக்குக் கொடுத்தார்களா என்று விசாரணை நீண்டது. கிழக்கு வீட்டுக்குக் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் வந்த கோபத்தில் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "நான் செத்தா போய்விட்டேன்?" என்று சத்தம். அன்றைக்குச் சோறும் கூடுதலாக இறங்கியது என்று அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் பிறகு சொன்னாள்.

ஆகவே அம்மாவின் உருளியை எடுத்து அடுப்பில் வையுங்கள். அடிப்பிடித்தால் போய்ச் சொல்லித் திட்டு வாங்குங்கள். அலமாரியை ஒழிக்கும்போது "இதைத் தூக்கிப் போடட்டுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். ஊறுகாய்ப் பரணி யாருக்கு, கல்யாணச் சேலை யாருக்கு, யாருக்கு எதுவும் கிடையாது என்று அவரிடம் ஒரு கணக்கு நிச்சயம் இருக்கும். கடைசி வகைப் பட்டியல்தான் நீளமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அப்பாவின் விஷயம் வேறு. வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டால் வாதாடாதீர்கள். ஞாபகம் தப்புகிறவர்கள் கேட்கும் வீடு பல சமயம் இந்த வீடே அல்ல, சிறுவயதில் வளர்ந்த வீடாக இருக்கும். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டுப் பேசவிடுங்கள். ஒருநாள் அழைத்துவர ஆசையிருந்தால், இல்லத்துச் செவிலியரிடம் கேட்டுவிட்டுக் காலை வேளையில் அழைத்துவாருங்கள். பலருக்குச் சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் ஏறும். அதற்காக அவருடைய கட்டிலையும், அதிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியையும் மாற்றாமல் வைத்திருங்கள். மற்றதெல்லாம் உங்கள் வசதிப்படி.

பவர் விஷயத்தில் அண்ணன் சொல்வதைக் கேட்காதீர்கள். எதற்குக் கையெழுத்து என்று விளங்காத நிலையில் இருப்பவரிடம் வாங்கும் பத்திரம் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தெளிவாக இருந்தபோது எழுதிக்கொடுத்த சாதாரணப் பவர்கூட, எழுதியவர் சித்தத் தெளிவை இழந்தால் முடிந்துபோகும். விற்றே தீர வேண்டிய நிலை வந்தால் வக்கீலைப் பார்த்து நீதிமன்றம் வழியாகப் போங்கள். இப்போதைக்கு வீட்டு வரியை அப்பா பெயரிலேயே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஓடு மாற்றிய செலவையும் தேங்காய் விற்ற வரவையும் ஒரு நோட்டில் எழுதி, மாதாமாதம் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். அப்பா தானே சம்பாதித்துக் கட்டிய வீடு அவர் இருக்கும்வரை அவருடையது. உங்களுக்கும் அண்ணனுக்கும் அதில் இப்போது பங்கு கிடையாது. இதை அண்ணனிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடுங்கள். கோபம் என்மேல் வரட்டும், எனக்குப் பழக்கம்தான்.