தோட்டத்துல இருக்கற அப்பா அம்மாவுக்கு ரொம்ப நாள் தாங்கற போன், டிவி, பாட்டு கேக்கற சேவை எது வாங்கலாம்?

நானும் இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்த ஒட்டித்தான் இருக்கேன், அதனால சொல்றேன், ஈப்போ மாதிரி பெரிய டவுன்ல இருக்கற ஆளுக்கு சொல்ற பதில் இங்க சரிப்படாது. இங்க லைன் விட்டு விட்டு வரும், மத்தியானத்துக்கு மேல இடி மழை, ரிப்பேர்னா டவுன்ல ஒன்னு ரெண்டு கடைதான்.

நீங்க பிராண்ட் பேர் கேக்கறீங்க. அத அப்புறம் பாக்கலாம். சாமான் தானா கெட்டுப்போறத விட, நல்லா இருக்கற சாமான எவனோ தூரத்துல இருந்து நிறுத்தறதுதான் இப்ப அதிகம். 2019 அக்டோபர்ல அனலாக் டிவி ஒளிபரப்ப நிறுத்தினாங்கல்ல, எங்க தாத்தாவோட தொப்ப டிவி அதோட முடிஞ்சதுன்னுதான் வீட்ல எல்லாரும் சொன்னாங்க, ஒரு டிகோடர் வாங்கி மஞ்ச சிவப்பு வெள்ள வயர மாட்டினதும் அது பாட்டுக்கு ஓடுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல 2010, 2011 சாம்சுங் ஸ்மார்ட் டிவி சிலதுல நெட்ஃபிளிக்ஸ் வர்றது நின்னு போச்சு, டிவில ஒரு கோளாறும் இல்ல. 2021 கடைசில இங்க 3ஜிய மூடினப்பவும் இதே கதைதான், 3ஜி போன் வச்சிருந்தவங்களுக்கு நெட் போச்சு, அத விட பழைய பட்டன் போன் 2ஜில பேசிக்கிட்டே இருந்துச்சு.

அதனால டிவி வாங்கறப்ப "ஸ்மார்ட்"க்குன்னு கூட காசு கொடுக்காதீங்க. படம் நல்லா இருக்கா, எச்டிஎம்ஐ ஓட்ட ரெண்டு மூனு இருக்கா, போதும். ஆப் பழசாச்சுன்னா பின்னாடி சொருகற குச்சிய (டிவி ஸ்டிக்) மட்டும் மாத்திக்கலாம். பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தைல, "வாழ்நாள் முழுக்க எல்லா சேனலும் ஃப்ரீ"ன்னு ஒரு பாக்ஸ் விப்பான், அந்த வாழ்நாள் பாக்ஸோட வாழ்நாள், அப்பாவோடது இல்ல.

போனுக்கு ஒரே கேள்விதான், எத்தன வருஷம் அப்டேட் தருவான்? முன்னாடி விலை கூடின போனுக்குத்தான் இதெல்லாம், இப்ப 2024ல வந்த சாம்சுங் ஏ16 மாதிரி சாதா போனுக்கே 6 வருஷம்னு சொல்றான். அப்டேட் இல்லாட்டி என்னன்னு கேப்பீங்க, 2025 ஜனவரில இருந்து ஆண்ட்ராய்டு 5க்கு கீழ இருக்கற போன்ல வாட்ஸ்ஆப் வேலை செய்யல, வாட்ஸ்ஆப் போச்சுன்னா நம்ம அம்மாக்களுக்கு போனே போன மாதிரிதான். அதோட பேட்டரி, ஸ்கிரீன் உங்க டவுன் கடையில கிடைக்கற மாடலா பாருங்க, கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டுட்டு அப்புறம் வாங்குங்க.

பாட்டு சேவை எதுவா இருந்தாலும் வாடகை வீடுன்னு நெனச்சுக்குங்க. மாசா மாசம் கட்டுங்க, ஒரேடியா வருஷக் காசு கட்டாதீங்க. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசில மூடிடுச்சு. மைக்ரோசாஃப்ட் 2019ல மின்புத்தகக் கடைய மூடினப்ப காசு கொடுத்து வாங்கின புத்தகமே படிக்க முடியாம போச்சு, காச திருப்பிக் கொடுத்தாங்க, ஆனா புத்தகம் போனது போனதுதான். கூகுள், மைக்ரோசாஃப்ட்டுக்கே இந்த கதின்னா சின்னவன் கத என்ன? அப்பாவுக்கு உயிரான பழைய பாட்டு ஒரு இருநூறு முந்நூறு இருக்கும்ல, அத மட்டும் எம்பி3யா காசு கொடுத்து வாங்கியோ வீட்ல இருக்கற சிடில இருந்து எடுத்தோ கையில வச்சுக்குங்க, நெட் இல்லாட்டியும் கார்ல பாடும். ஆனா பெண்டிரைவ் ஒன்ன மட்டும் நம்பாதீங்க, கரண்டே படாம பல வருஷம் அலமாரில கிடந்தா அழிஞ்சு போகலாம், ஹார்டிஸ்க்ல இன்னொரு காப்பி இருக்கட்டும். கல்யாண போட்டோ, திருவிழா வீடியோக்கும் இதேதான்.

இடிக்கு பிளக்க மட்டும் கழட்டினா பத்தாது, ஆன்டெனா வயர், மோடம் வயர் ரெண்டயும் கழட்ட சொல்லுங்க, அது வழியாவும் வரும்.

அப்புறம் இத யாரும் யோசிக்கறதில்ல. அப்பாவோட அக்கவுண்டெல்லாம் எந்த நம்பர்ல இருக்குன்னு பாருங்க. ப்ரீபெய்டா இருந்து டாப்அப் போடாம விட்டா நம்பர் செத்துடும், கொஞ்ச நாள் கழிச்சு வேற யாருக்காவது கொடுத்துடுவான், அதுக்கப்புறம் ஓடிபி அந்த ஆளுக்குத்தான் போகும். டாப்அப் போடற பொறுப்ப நீங்களே எடுத்துக்குங்க.