எரியும் குன்றுகள் – கடிதம்

வணக்கம் சார்,

கன்சாஸ் மாநிலம் விசிட்டாவில் வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாலை எம்போரியா பக்கம் காரில் போனபோது சாலையின் இருபுறமும் குன்றுகள் எரிந்துகொண்டிருந்தன. அணைக்க யாரும் வரவில்லை. ஒருவர் வண்டியில் மெதுவாகப் போய்க்கொண்டே வழிநெடுக இன்னும் தீ வைத்துக்கொண்டிருந்தார்! மைல் கணக்கில் மரமே இல்லாத தரிசு, அதில் இருக்கிற புல்லையும் கொளுத்துகிறார்கள். இவ்வளவு வசதியுள்ள நாட்டில் நாலு மரம் நடக்கூடாதா?

செல்வகுமார்

அன்புள்ள செல்வகுமார்,

நீங்கள் பார்த்த இடத்துக்கு ஃபிளிண்ட் ஹில்ஸ் என்று பெயர். தரிசு என்று எழுதியதற்குக் கோபமில்லை. முதல்முறை அந்தச் சாலையில் போனபோது நான் தூங்கிக்கொண்டு போனேன். பிறகு ஒரு செப்டம்பரில் ஸ்ட்ராங் சிட்டி அருகே உள்ள தேசியப் புல்வெளிக் காப்பகத்துக்குள் இறங்கி நடந்தேன். ஓடையோரத்தில் பிக் புளூஸ்டெம் புல் என் தலைக்கு மேல் நின்றது. அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் கால் மாதிரி இருக்கும்.

இந்த உயரப்புல் ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் சுமார் 17 கோடி ஏக்கரில் இருந்தது. இன்று மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதன் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கி உண்டாக்கிய கரிய மண்தான் அதற்கு வினையாக முடிந்தது. ஜான் டீர் என்ற கொல்லர் 1837இல் எஃகுக் கலப்பை செய்தார். அப்புறம் என்ன, அயோவாவும் இல்லினாயும் மக்காச்சோளக் காடாகிவிட்டன. ஃபிளிண்ட் ஹில்ஸில் மட்டும் கொழு இறங்கவில்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் சிக்கிமுக்கிக் கல். உழ முடியாததால் மாடு மேய விட்டார்கள், புல் தப்பியது.

சரி, மரத்துக்கு வருகிறேன். அங்கே மரம் நட வேண்டியதே இல்லை. தீ வைப்பதை நிறுத்தினால் போதும், ரெட் சீடார் என்ற ஊசியிலை மரம் தானாகவே வந்து ஏறிக்கொள்ளும். மரம் வளரப் போதுமான மழை அங்கே பெய்கிறது. கன்சாஸிலேயே உள்ள மன்ஹாட்டன் ஊருக்கு அருகில் கோன்சா ஆய்வு நிலத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும், இன்னொன்றை நாலு ஆண்டுக்கு ஒருமுறை, வேறொன்றை இருபது ஆண்டுக்கு ஒருமுறை என்று எரித்துப் பார்க்கிறார்கள். தீ அரிதாகிற இடத்தில் புதரும் மரமும் புல்லை நெருக்கித் தள்ளுகின்றன. புல்லின் முளைமொட்டு மண்ணுக்கடியில் இருப்பதால் தீ அதைத் தொடாது. பழைய சருகு எரிந்ததும் கரிய நிலத்தில் வெயில் விழுந்து சூடேறும், சில நாட்களில் பச்சை தெரியும். கா, ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் வெள்ளையருக்கு முன்பே இங்கே தீ வைத்திருக்கிறார்கள். தளிரைத் தேடி காட்டெருமை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் எரிச்சலில் கொஞ்சம் நியாயம் உண்டு. தளிர் மேய்ந்தால் மாடு நன்றாகச் சதை போடும் என்பதற்காகப் பல பண்ணைக்காரர்கள் எல்லா மேய்ச்சல் நிலத்தையும் வருடா வருடம் எரிக்கிறார்கள். அது எனக்கு உவப்பில்லை. இந்தப் புல்வெளியில் வாழும் பிரெய்ரி கோழி என்ற பறவையின் சேவல், பெட்டையைக் கவர ஆடுவதற்குக் குட்டைப் புல் வேண்டும். பெட்டை முட்டையிட்டு ஒளிந்துகொள்ளப் போன வருடத்துப் பழைய புல் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொளுத்தினால் பெட்டை எங்கே போகும்? மாறி மாறித் துண்டுதுண்டாக எரிப்பதுதான் சரியான வழி. கோன்சாவில் 1987 முதல் காட்டெருமைகளையும் விட்டிருக்கிறார்கள். சுமார் முப்பது ஆண்டுகளில் அவை மேய்ந்த இடத்தில் செடிவகைகள் இரட்டிப்பாகியிருக்கின்றன. வளர்ந்த புல்லை அவை கடித்துத் தள்ளுவதால் அடியில் கிடக்கும் பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

அடுத்த ஏப்ரலில் மாலையில் போகாதீர்கள். விடிவதற்கு முன் போய், காருக்குள்ளேயே விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். சேவல்கள் கழுத்துப் பையை ஊதிக்கொண்டு கத்தும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அந்தச் சத்தம்.