தகரம் தட்டுகிற சத்தம்

கேள்வி: என்னுடைய மகன் அறைக்குள் 'ஹெவி மெட்டல்' என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு கிடக்கிறான். தகரத்தைத் தடியால் அடிக்கிற சத்தம். கேட்டால், வீடில்லாத ஏழைகளைப் பற்றிய பாட்டாம். வறுமையைப் பாடுகிற முறையா இது? யாழ்ப்பாணத்தில் வீடில்லாதவர் என்று யார் இருக்கிறார்கள், இதைக் கேட்டு உருக?
— வாசகர், கொக்குவில்

பதில்: தகரம் என்றீர்களே, கிட்டத்தட்டச் சரி. இந்த இசைக்கு அடித்தளம் போட்ட பிளாக் சபாத் குழுவின் கிற்றார்காரர் ரொனி அயோமி, பேர்மிங்ஹாமில் தகட்டு வேலைத் தொழிற்சாலை ஒன்றில் கூலிக்கு நின்றவர். 1965இல், வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளில், இயந்திரம் அவருடைய வலக்கையில் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. வயது 17. ஆள் இடக்கைக்காரர், தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தார். நோகாமல் அழுத்த மெல்லிய தந்தி பூட்டினார், பிறகு அதையும் தளர்த்தினார். சுருதி இறங்கி, உறுமல் ஏறியது.

எந்தப் பாட்டு என்று நீங்கள் எழுதவில்லை. நியூயோர்க்கின் அந்த்ராக்ஸ் குழு 1988இல் வெளியிட்ட 'ஹூ கேர்ஸ் வின்ஸ்' ஆக இருக்கலாம். 'ஹூ டெயார்ஸ் வின்ஸ்', அதாவது 'துணிந்தவனுக்கே வெற்றி' என்பது பிரித்தானிய விசேட படையொன்றின் சுலோகம். ஆங்கிலத்தில் ஒரேயோர் எழுத்தை மாற்றி, 'அக்கறைப்பட்டவனுக்கே வெற்றி' ஆக்கிவிட்டார்கள். அந்த நகரத்தில் அப்போது மலிவான ஒற்றை அறை விடுதிகள் வசதிக்காரர் குடியிருப்புகளாகிக்கொண்டிருந்தன. போக்கிடம் இல்லாத சனம் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்தது. ஏழு நிமிடத்துக்கு மேல் கத்துகிறார்கள்தான். நம்மிடம் வறுமை இனிமையாகப் பாட வேண்டும். நல்லூர்த் திருவிழாவில் வீதியோரக் கிழவர் தேவாரத்தைச் சுருதி பிசகாமல் பாடினால்தான் துண்டில் காசு விழும். இவர்கள் துண்டு விரிக்கவில்லை.

'வீடில்லாதவர் யார்' என்ற கேள்வியைத்தான் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனத்தில் ஒரு பகுதி, மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. காங்கேசன்துறை வீதியில் பஸ் ஏறினால் உங்களுக்கு அரை மணிநேரம். மாரி மழைக்குத் தகரக் கூரைக்குக் கீழே ஓர் இரவு இருந்திருந்தால் மகனுடைய பாட்டு தாலாட்டாகத் தெரியும். நியூயோர்க்காரனுடைய கதையும் இவர்களுடையதும் ஒன்றல்ல. இவர்களிடம் காணி உறுதி இருந்தது, காணிதான் இராணுவத்தின் முட்கம்பிக்கு அந்தப்பக்கம். 'இடம்பெயர்ந்தோர்' என்று பெயர் வைத்தோம். நிவாரண அட்டைக்கு வசதியான சொல். வீடில்லாதவர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, கொக்குவிலும்தானே எழும்பியது? நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த சனத்துக்குள் உங்கள் வீட்டாரும் நின்றிருப்பார்கள். தென்மராட்சியில் யார் வீட்டு விறாந்தையில் பாய் விரித்தீர்கள் என்று மகனுக்கு எப்போதாவது சொன்னீர்களா?

இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதில் நான் உங்கள் பக்கம். எனக்கும் பக்கத்து வீட்டில் ஒரு பெடியன் இருக்கிறான்.