மைக் கூவுகிறது, பேச்சு புரியவில்லை: முதல்முறை அறிவிப்பாளருக்குப் பதில்

வணக்கம். பள்ளித் தடகளப் போட்டிக்கு முதன்முறையாக அறிவிக்கப் போவதாகவும், ஒத்திகையில் மைக் கூவியதாகவும், மைதானத்தின் மறுகோடியில் எதுவும் புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்குக்குள் நுழைவதால்தான் கூவுகிறது. ஹார்ன்கள், அதாவது கூம்பு வடிவ ஸ்பீக்கர்கள், உங்களுக்கு முன்னால், மைதானத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள், அதனாலும் கூவும். வாயிலிருந்து 5 செ.மீ. தள்ளி, சற்றே சாய்த்துப் பிடித்த பிறகுதான் வால்யூமை ஏற்ற வேண்டும்.

100 மீட்டர் போக ஒலிக்குச் சுமார் 0.3 நொடி ஆகும். இரண்டு பக்கமும் ஹார்ன் இருந்தால் ஒரே சொல் முன்னும் பின்னும் கேட்டுக் குழம்பும். அதனால் சின்ன வாக்கியம், பிறகு ஒரு நொடி இடைவெளி. உங்கள் குரல் திரும்பி வருவதைக் கவனித்தால் நாக்கு குழறும். கண்ணும் மனமும் தாளிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: பெயர்கள். பட்டியலை முந்தைய நாளே வாங்கி, சந்தேகமானவற்றை அந்தந்தப் பயிற்சியாளரிடம் கேட்டு, காதில் விழுந்தபடியே பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர் அன்று ஒருமுறைதான் ஒலிக்கும், பெற்றோர் அதற்காகவே காத்திருப்பார்கள்.

ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் விசில் ஊதியதிலிருந்து துப்பாக்கி வெடிக்கும்வரை மைக் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். முடிவுகளை நடுவர் கையெழுத்திட்ட தாள் வந்த பிறகே வாசியுங்கள். கண்ணால் பார்த்த வரிசை பலமுறை மாறும்.