கிட்னி மாற்றி மூன்று வருடம் ஆகிவிட்டது, இனி மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் தம்பிக்குச் சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பாதான் கிட்னி கொடுத்தார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிரியேட்டினின் 1.1, நல்ல அளவுதான். வேலைக்கும் போகிறான். இவ்வளவு நாளில் உடம்பு அந்தக் கிட்னியை ஏற்றுக்கொண்டிருக்காதா? "ஆயுசுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுவாயா, மெல்ல மெல்லக் குறைத்துவிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அவனுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது. நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்:

தம்பி தானாக ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது. குறைக்க வேண்டியதை அவருடைய நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக மருத்துவர்) ஏற்கெனவே குறைத்திருப்பார். முதல் மாதத்துச் சீட்டையும் இப்போதைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். இன்று அவர் சாப்பிடுவது குறைத்து முடித்த அளவு. அந்த 1.1 இந்த மாத்திரைகளால் வந்த 1.1.

நான் அம்மா கொடுத்த கிட்னியோடு வாழ்கிறவன். தம்பிக்கு வந்த யோசனை எனக்கும் வந்திருக்கிறது. கிட்னி மாற்றிய எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் வரும். டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எந்த மாத்திரை கொடுத்தாலும் சாப்பிடத் தயாராக இருந்தோம். நாக்கில் ருசி திரும்பி, தண்ணீரை அளந்து குடிக்காமல் ஒரு சொம்பு முழுக்கக் குடிக்க முடிகிறபோதுதான் "இதெல்லாம் இன்னும் எதற்கு" என்று தோன்றும். அதனால் தம்பியைத் திட்டாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள்.

உடம்பு பழகிக்கொள்ளும் என்ற எண்ணம்தான் இதில் பெரிய சிக்கல். ஒவ்வொருவருடைய செல்களின் மேலும் எச்எல்ஏ என்ற அடையாளங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கும் மகனுக்கும் அதில் பாதி கட்டாயம் பொருந்தும். மீதிப் பாதி தம்பியின் உடம்புக்கு அந்நியம், மூன்று வருடம் ஆனாலும் முப்பது வருடம் ஆனாலும் அந்நியம்தான். வெள்ளணுக்கள் புதிது புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. வருகிற ஒவ்வொன்றும் அந்தக் கிட்னியைப் பார்த்து "இது யாருடையது" என்று கேட்கத்தான் செய்யும். அறுவை சிகிச்சையின் காயமும் கொந்தளிப்பும் அடங்க அடங்க எதிர்ப்பின் வேகம் குறைகிறது, அதனால் அதை அடக்கும் மருந்தின் அளவும் குறைகிறது. எதிர்ப்பு அடியோடு போய்விடுவதில்லை.

மருந்தே இல்லாமல் கிட்னி நிலைத்த கதையும் உண்டு. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் டாக்டர் ஜோசஃப் மர்ரி குழுவினர் ரொனால்ட் ஹெரிக் என்பவரின் கிட்னியை அவருடைய சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார்கள். ரிச்சர்ட் அதற்குப் பிறகு எட்டு வருடம் வாழ்ந்தார். எதிர்ப்பை அடக்க ஒரு மருந்தும் தேவைப்படவில்லை, ஏனென்றால் இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அதை உறுதி செய்துகொள்ள முன்கூட்டியே ஒருவர் தோலை மற்றவர் உடம்பில் ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனே செய்தார்கள். அப்படி இரட்டையர் இல்லாதவர்களுக்கு வழி பிறந்தது 1960-களில், எதிர்ப்பை அடக்கும் அசாதயோப்ரின் என்ற மருந்து வந்த பிறகு. அதுவும் ஸ்டீராய்டும் சேர்ந்து பலரைக் காப்பாற்றின. ஆனாலும் இறந்தவர்களிடமிருந்து பெற்ற கிட்னிகளில் ஏறக்குறைய பாதி ஒரு வருடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகுதான் நிலைமை தலைகீழாக மாறியது. இன்று நானும் அநேகமாக உங்கள் தம்பியும் சாப்பிடும் டாக்ரோலிமஸ், 1984-இல் ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரில் கண்டுபிடித்தது. எங்கோ யாரோ அள்ளிய மண்ணால் உயிரோடு இருக்கிறோம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது வழக்கமாக மூன்று மருந்துகள்: டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன். டாக்ரோலிமஸ், எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களான டி செல்களை உசுப்பிவிடும் சமிக்ஞையைத் தடுக்கிறது. மைகோஃபினோலேட் அந்தச் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. பிரெட்னிசோலோன்தான் உங்கள் உறவினர்கள் பயப்படும் ஸ்டீராய்டு. ஆரம்பத்தில் அதிகம் கொடுத்து, பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் அளவுக்கு இறக்கிவிடுவார்கள். மூன்றையும் சேர்ப்பதே ஒவ்வொன்றின் அளவையும் குறைவாக வைத்துக்கொள்ளத்தான். ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தனியாகச் சமாளிக்கும் என்று நாமாக முடிவு செய்ய முடியாது.

இன்னொன்றும் தம்பியிடம் சொல்லுங்கள். "குறைத்தால் என்ன" என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2007-இல் வெளியான சிம்ஃபனி ஆய்வில் 1,645 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி வெவ்வேறு மருந்துகளும் அளவுகளும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த அளவு டாக்ரோலிமஸ், கூடவே மைகோஃபினோலேட், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட பிரிவுதான் கிட்னியின் செயல்பாட்டிலும் ரிஜெக்ஷன் (உடம்பு கிட்னியை எதிர்த்துத் தாக்குவது) குறைவிலும் முன்னே நின்றது. இன்றைய மருந்துச்சீட்டுகள் அந்த மாதிரி ஆய்வுகளின் வழியாக இறங்கி வந்தவை. அதற்குக் கீழே வீட்டில் உட்கார்ந்து நாம் பரிசோதனை செய்து பார்க்கத் தம்பியிடம் வேறு கிட்னி இல்லை.

மாத்திரையை விட்டவுடன் ஏதாவது செய்திருந்தால் யாரும் விடவே மாட்டார்கள். பெரும்பாலும் உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. அடிவயிற்றில் வைத்த கிட்னிக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. உள்ளே எதிர்ப்பு நடந்துகொண்டிருந்தாலும் பெரும்பாலும் வலிக்காது, காய்ச்சல் அடிக்காது. எங்கள் ஓபியில் எனக்குப் பழக்கமான ஒருவர், சர்க்கரை ஏறுகிறது என்று யாரிடமும் சொல்லாமல் ராத்திரி மாத்திரையை மட்டும் விட ஆரம்பித்தார். மாதக்கணக்கில் கிரியேட்டினின் அசையவில்லை. அதனால் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அதற்குள் ரத்தத்தில் அந்தக் கிட்னியைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி, உருவாகிவிட்டது. கிரியேட்டினின் ஏறத் தொடங்கியபோது பயாப்ஸி (கிட்னியின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள், ஊசி மூலம் ஸ்டீராய்டு, அந்த ஆன்டிபாடியை ரத்தத்திலிருந்து நீக்கப் பிளாஸ்மா மாற்று எல்லாம் செய்தார்கள். இப்போது திரும்பவும் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவருக்குக் கொடுத்தது அவர் மனைவி. அந்த அம்மா அவரோடு இன்னமும் வருகிறார், ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, மாத்திரைகள் தொந்தரவே தராதா? தரும். அதை மறைத்துவிட்டு "சாப்பிடு சாப்பிடு" என்று சொன்னால் தம்பி உங்களை நம்ப மாட்டார். முதல் மாதங்களில் எனக்குக் கை அப்படி நடுங்கியது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பேன், வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. அது டாக்ரோலிமஸ். முகம் உப்பியதும் அகோரப் பசியும் ஸ்டீராய்டு. மைகோஃபினோலேட் பலருக்கு வயிற்றுப்போக்கையும் வெள்ளணுக் குறைவையும் தரும். புதிதாகச் சர்க்கரை வரலாம், முடி கொட்டலாம், பிரஷர் ஏறலாம். அளவு அதிகமானால் டாக்ரோலிமஸே கிட்னியைக் கெடுக்கும். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் டாக்டர் கையில் வழி உண்டு: அளவை மாற்றுவார், ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடும் வகைக்கு மாற்றுவார், மைகோஃபினோலேட்டுக்குப் பதில் அசாதயோப்ரின் கொடுப்பார். வாயைத் திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். என் நடுக்கம் அளவைச் சரிசெய்ததும் நின்றது.

டாக்ரோலிமஸில் மிகக் கூடினாலும் கெடுதல், மிகக் குறைந்தாலும் கெடுதல். ஒரே எடை உள்ள இரண்டு பேருக்கு இரண்டு மடங்கு வித்தியாசத்தில் மருந்து தேவைப்படலாம், அது பரம்பரையாக வந்த ஜீனைப் பொறுத்தது. அதனால்தான் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று லெவல் பார்க்கிறார்கள். லெவல் பார்க்கிற அன்று காலை மாத்திரை போடாமல் போக வேண்டும், இரண்டு வேளை சாப்பிடுகிறவர்களுக்கு முந்தைய ராத்திரி போட்டதிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். நான் காலை மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். லேப் வரிசையில் எங்களைப் போன்றவர்களை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: முகத்தில் மாஸ்க், கையில் தண்ணீர் பாட்டில், முழங்கைக்குக் கீழே இன்னும் புடைத்துக்கொண்டிருக்கும் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகச் செய்த ரத்தக்குழாய் இணைப்பு). ரத்தம் எடுத்து முடிந்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டே மாத்திரையை முழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து இட்லி. யாராவது மறந்துபோய் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் லெவல் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி அளவைக் குறைத்தால் வினைதான். போட்டுவிட்டால் போட்டுவிட்டேன் என்று சொல்லி இன்னொரு நாள் வருவதே சரி.

லெவலை ஏற்றி இறக்குவது நாம் நினைக்காத பொருள்களாகவும் இருக்கும். பம்ப்ளிமாஸ் பழம் ஏற்றும். சாதாரண இருமலுக்கு எழுதிக்கொடுக்கும் கிளாரித்ரோமைசின் ஏற்றும், பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல் ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தலைகீழாக இறக்கிவிடும், நம் ஊரில் மாற்று நோயாளிகளுக்குக் காசநோய் அபூர்வம் அல்ல. டில்டியாசெம் என்ற பிரஷர் மாத்திரை ஏற்றும் என்பதால், டாக்ரோலிமஸ் செலவைக் குறைக்க அதையே வேண்டுமென்று சேர்த்து எழுதும் டாக்டர்கள் உண்டு. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வெளியே போய் லெவல் இறங்கும் என்று நினைப்போம், டாக்ரோலிமஸுக்கு அது ஏறும். அதனால் மூன்று நாள் வயிறு சரியில்லை என்றாலும் போன் செய்து கேட்டுவிட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கிட்னிக்கு நேரடியாகவே ஆகாது.

கொரோனா காலத்தில் எல்லா வீட்டிலும் கபசுரக் குடிநீர் காய்ச்சினார்கள். அக்கறையோடு எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லிக் கொடுக்கிற எதையும் நாங்கள் தொடாமல் இருப்பதே நல்லது. சீந்தில் கொடிக்கு அந்தப் பெயர் உண்டு, அது கபசுரத்திலும் சேர்கிறது. அம்மா வாசலிலேயே வாங்கி, கும்பிட்டு, செடிக்கு ஊற்றிவிடுவார். கொடுத்தவர் மனசும் நோகவில்லை.

செலவுக்காகக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மாதம் பல ஆயிரம் ஆகும்போது அந்த நினைப்பு வருவதில் அதிசயம் இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று சிகிச்சை வருகிறது, அரசு மருத்துவமனைகளில் செய்துகொண்டவர்கள் இந்த மருந்துகளை அங்கேயே இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். வெளியே வாங்குகிறவர்கள் விலை குறைந்த பிராண்டுக்கு மாறலாம், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாறிய பிறகு லெவலும் பார்க்க வேண்டும். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மருந்தை நிறுத்தும் ஆராய்ச்சியும் நடக்கிறது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கிட்னியோடு அதே டோனரின் (கிட்னி கொடுத்தவரின்) எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துக் கொடுத்துச் சிலருக்கு மருந்தை நிறுத்தியதாக 2008-இல் எழுதினார்கள். அது ஆபரேஷனுக்கு முன்பே திட்டமிட்டுக் கடுமையான சிகிச்சையோடு செய்தது. மூன்று வருடம் கழித்து வீட்டில் மாத்திரையை விடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தம்பிக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று தெரியவில்லை. பல இளைஞர்கள் அந்த நேரத்தில்தான் மாத்திரையை மறைக்கத் தொடங்குகிறார்கள். விசேஷ வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து போய்ச் சாப்பிடக் கூச்சப்படுகிறார்கள். அங்கே உங்கள் துணை அவருக்கு வேண்டும். அவரோடு கொஞ்சம் தள்ளி நின்று, தண்ணீர் கொடுத்து, பேசிக்கொண்டிருங்கள். எண்ணிப் பார்க்கவோ, டப்பாவைச் சோதிக்கவோ வேண்டாம். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஓபிக்கு உடன் போக முடிந்தால் போங்கள். அவருக்கு உண்மையில் எது தொந்தரவு, சர்க்கரையா, முகமா, வயிறா, பணமா என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லி டாக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டைப் பற்றிய கேள்வியையும் டாக்டரிடமே கேட்கட்டும். ஒருவேளை ஏற்கெனவே சில வேளை விட்டிருந்தால், அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். விட்டதை ஈடுகட்ட இரண்டு மடங்காகப் போடவும் வேண்டாம். இந்த வாரமே போன் செய்து சொல்லி, டாக்டர் சொல்கிறபடி கிரியேட்டினினும் டாக்ரோலிமஸ் லெவலும் பார்த்துவிடுங்கள். டோனருக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.