ரைசன் 5 5600-க்கு பி650 போர்டு வேண்டாம்

சகோ, ரைசன் 5 5600 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வாங்கியாச்சு, கடையில் "புதுசு" என்று பி650 மதர்போர்டைச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். அதில் இருப்பது ஏஎம்5 சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்). உங்கள் பிராசசர் ஏஎம்4, அதில் உட்காரவே உட்காராது. ராமும் வீண், அந்தப் போர்டில் டிடிஆர்5 மட்டும்தான்.

பி550 எடுங்கள். பி450-யிலும் ஓடும், ஆனால் அதில் பிசிஐஇ (கிராபிக்ஸ் கார்டைச் செருகும் இணைப்பு) பழைய 3.0 தான். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால், பி550-யில் உள்ள வேகமான 4.0 இருப்பது நல்லது.

முக்கியமாக பயாஸை (போர்டைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) கவனியுங்கள். பி550 வந்தது 2020-ல், 5600 வந்தது 2022-ல். பழைய ஸ்டாக் என்றால் அதன் பயாஸுக்கு 5600-ஐத் தெரியாது; ஃபேன் சுற்றும், திரையில் எதுவும் வராது; பிராசசர் போச்சு என்று பதறுவோம். அதனால் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகவே கேளுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புது பயாஸ் ஃபைலை மேனுவலில் உள்ள பெயரில் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகி, அந்தப் பட்டனை அழுத்தினால், பிராசசர் இல்லாமலே அப்டேட் ஆகிவிடும். நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு ஸ்லாட் இருந்தால் ராமை பிராசசர் பக்கமிருந்து 2, 4-ல் போடுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான். 5600-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது.