ரேமைக் காலி செய்யும் ஆப் போனை வேகமாக்குமா?

கேள்வி: கோவில்பட்டியில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். போன் ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று கடையில் கொடுத்தேன். 350 ரூபாய் வாங்கிக்கொண்டு, பின்னால் ஓடுகிற ஆப்களை நிறுத்தும் ‘பூஸ்டர்’ ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். பட்டனை அழுத்தினால் ‘1.2 ஜிபி காலியானது’ என்று காட்டுகிறது. ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. இப்போது வாட்ஸ்அப் மெசேஜும் நேரத்துக்கு வருவதில்லை. அதனால் ஒரு முகூர்த்த பிளவுஸ் ஆர்டர் கைவிட்டுப் போனது. ஏழு நாள் இலவசம், அப்புறம் வருடத்துக்கு 499 ரூபாய் என்று கேட்டதற்கு நானும் சரி கொடுத்துவிட்டேன். வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா? போன் ஆண்ட்ராய்டு 14, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ்.

பதில்: எடுத்துவிடுங்கள் சகோதரி, இன்றைக்கே. அந்த ஆப் உங்கள் போனை வேகமாக்கவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு, கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அது என்ன செய்கிறது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். புரிந்தால்தான் நாளைக்கு இன்னொருவர் வேறு பெயரில் இதையே போட வரும்போது வேண்டாம் என்று சொல்ல முடியும்.

உங்கள் தையல் மெஷினையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, கறுப்பு என்று பத்து பாபினில் நூல் சுற்றி வைத்திருக்கிறீர்கள். பச்சை பிளவுஸ் வந்தால் பச்சை பாபினை மாட்டித் தைக்க வேண்டியதுதான். பெட்டியில் சும்மா இருக்கிற மற்ற ஒன்பது பாபினும் கரண்ட் சாப்பிடுவதில்லை. இப்போது ஒருவர் மணிக்கொரு தடவை வந்து எல்லா நூலையும் உருவிப் போட்டுவிட்டு, ‘ஒன்பது பாபின் காலி செய்துவிட்டேன், இனி மெஷின் பறக்கும்’ என்கிறார். அடுத்த பச்சை பிளவுஸ் வரும்போது நீங்கள் முதலிலிருந்து நூல் சுற்ற வேண்டும். நேரமும் போச்சு, கரண்டும் போச்சு.

ரேம் அந்த பாபின் பெட்டிதான். நீங்கள் திறந்து மூடிய ஆப்பை ஆண்ட்ராய்டு உடனே தூக்கி எறியாமல் ரேமில் வைத்துக்கொள்கிறது, அடுத்த தடவை சட்டென்று திறப்பதற்காக. அப்படி உறங்குகிற ஆப்களில் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்வதில்லை, பேட்டரியும் குடிப்பதில்லை. புது ஆப்புக்கு இடம் பத்தவில்லை என்றால், நீங்கள் வெகுநேரமாகத் தொடாத ஆப்பை ஆண்ட்ராய்டே எடுத்துவிடும். இந்த ஏற்பாடு ஆண்ட்ராய்டில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ரேம் முக்கால்வாசி நிறைந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இருக்க வேண்டிய நிலைதான். ‘1.2 ஜிபி காலி’ ஐந்து நிமிடத்தில் மறைவதற்கும் இதுதான் காரணம். உருவிப்போட்ட நூலை போன் மறுபடி சுற்றிக்கொண்டிருக்கிறது.

இது என் சொந்தக் கருத்து இல்லை. ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமர் 2016-லேயே, ஆப்களை மூடிக்கொண்டே இருப்பது பேட்டரிக்கு உதவாது, கொஞ்சம் கெடுக்கவும் கூடும் என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஒரு வாடிக்கையாளர், பேட்டரிக்காக ஆப்களை மூட வேண்டுமா என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மெயில் அனுப்பிக் கேட்டார். பதில் எழுதியவர் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரேக் ஃபெடரிகி. தேவையில்லை என்பதுதான் அவர் சொன்னது. போனைச் செய்கிறவர்களே சொன்ன பிறகும் இந்த வியாபாரம் ஓடுகிறது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

சரி, வாட்ஸ்அப்புக்கு வருவோம். ஆப்பைத் திரையில் தள்ளி மூடுவது வேறு, செட்டிங்ஸில் இருக்கும் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ பட்டனை அழுத்தி அதை அடியோடு நிறுத்துவது வேறு. ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்பை நீங்களாகத் தொட்டுத் திறக்கும் வரை அது செத்த மாதிரிதான். மெசேஜ் வந்தாலும் எழுந்திருக்காது, அறிவிப்பும் வராது. நீங்கள் போட்ட அலாரம் ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தாலும் இதே கதைதான். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிற வயதானவர்கள் போனில் இந்த பூஸ்டரைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு ஆப் இன்னொரு ஆப்பை நிறுத்தும் வழியை கூகுள் படிப்படியாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. 2010-ல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோதே ஒரு வழியை அடைத்தார்கள். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14-ல், பின்னால் இருக்கிற வேறு ஆப்பை நேரடியாக நிறுத்தவே முடியாது, தன்னுடையதை மட்டும்தான் நிறுத்தலாம் என்று ஆகிவிட்டது. அப்படியானால் உங்கள் பூஸ்டர் எப்படி நிறுத்துகிறது? ஒன்று, நிறுத்தாமலே நிறுத்தியதாக ஒரு எண்ணைக் காட்டும். இல்லையென்றால் ‘அக்ஸஸிபிலிட்டி’ அனுமதி வாங்கிக்கொண்டு, உங்கள் விரல் போல நடித்து, செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு ஆப்பாக ஃபோர்ஸ் ஸ்டாப் பட்டனை அழுத்தும். உங்களுக்கு மெசேஜ் வராமல் போனதைப் பார்த்தால் உங்கள் போனில் நடப்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

அக்ஸஸிபிலிட்டி என்பது பார்வை இல்லாதவர்கள், கை அசைக்க முடியாதவர்கள் போனைப் பயன்படுத்துவதற்காக வைத்த வசதி. அந்த அனுமதி பெற்ற ஆப் திரையில் தெரியும் எழுத்தைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தொடும். வங்கிப் பணத்தைத் திருடுகிற ஆப்களும் இதே கதவு வழியாகத்தான் நுழைகின்றன. உங்கள் பூஸ்டர் திருடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடிபி வருகிற, யூபிஐ வைத்திருக்கிற போனில், யார் செய்தார்கள் என்றே தெரியாத ஒன்றுக்கு இந்தச் சாவியை ஏன் கொடுக்க வேண்டும்? ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏற்றிய ஆப் இந்த அனுமதியைச் சுலபமாக வாங்க முடியாதபடி ஆண்ட்ராய்டு 13 முதல் ஒரு தடை இருக்கிறது. அந்தத் தடையையும் கடையில் உட்கார்ந்தே நீக்கிக் கொடுக்கிறார்கள். யார் கையிலும் போனைத் திறந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே நின்று, என்ன போடுகிறார் என்று பாருங்கள்.

அரசாங்கமும் பெயரைத்தான் தடுக்கிறது, சரக்கைத் தடுப்பதில்லை. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் கிளீன் மாஸ்டர், டியூ பேட்டரி சேவர், டியூ கிளீனர் எல்லாம் இருந்தன. அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. கிளீன் மாஸ்டரை கூகுள் அதற்குச் சில மாதம் முன்பே ஸ்டோரிலிருந்து எடுத்திருந்தது. இன்றைக்கு ‘கிளீனர்’ என்று தேடிப் பாருங்கள், புதுப் பெயர்களில் வரிசையாக நிற்கும். கோவில்பட்டியில் தையல் மெஷின் ஓட்டுகிறவர் இதில் நல்லது எது, கெட்டது எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

இப்போது எடுக்கும் வரிசை. முதலில் செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி பகுதிக்குப் போய் பூஸ்டரின் அனுமதியை அணையுங்கள். அடுத்து, செக்யூரிட்டி பகுதியில் ‘டிவைஸ் அட்மின்’ என்று இருக்கும். அதில் பூஸ்டர் பெயர் இருந்தால் அதையும் அணையுங்கள், இல்லையென்றால் அன்இன்ஸ்டால் ஆகாமல் முரண்டு பிடிக்கும். அதன் பிறகு அன்இன்ஸ்டால் செய்து, போனை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். யூபிஐ பின்னையும் ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவது நல்லது. பாஸ்புக்கில் நீங்கள் செய்யாத பரிமாற்றம் ஏதாவது தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

அப்படியானால் ஆப்பை நிறுத்தவே கூடாதா? கூடும், ஒரே ஒரு சந்தர்ப்பத்தில். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைக் காட்டித்தான் பூஸ்டரை விற்கிறார்கள். சில நேரம் ஒரு ஆப் மாட்டிக்கொள்ளும். வீடியோ எடிட் செய்யும் ஆப் பாதியில் நின்று திரை உறைந்துவிடும். வழி காட்டும் மேப் ஆப், ஊர் வந்து சேர்ந்த பிறகும் இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். போட்டோ பேக்கப் ஆப் ஒரே படத்தை ஏற்ற முயன்று முயன்று போனைச் சுட வைக்கும். இப்படி ஆப் உறங்காமல் உழன்றுகொண்டிருந்தால் அதை நிறுத்தத்தான் வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம்: நீங்கள் தொடாமலே போன் சுடும், செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைப் பார்த்தால் அன்றைக்கு நீங்கள் அதிகம் திறக்காத ஒரு ஆப் மேலே நிற்கும். அந்த ஒரு ஆப்பின் மேல் அழுத்திப் பிடித்து, அதன் விவரப் பக்கத்தில் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்து, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். அடுத்த நாளும் அதையே செய்தால் அப்டேட் செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் அன்இன்ஸ்டால்தான். ஒரு பாபினில் நூல் சிக்கினால் அந்த ஒரு பாபினைப் பிரிப்பீர்கள், பெட்டியையே கவிழ்ப்பீர்களா? ஒன்றை நிறுத்துவதற்கான பட்டன் போனிலேயே இருக்கிறது, அதற்கு வருடம் 499 ரூபாய் தேவையில்லை.

உங்கள் போன் மெதுவாக ஓடுவதற்கு ரேமைவிட ஸ்டோரேஜ்தான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. 64 ஜிபியில் ஆண்ட்ராய்டே ஒரு பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியில் பிளவுஸ் டிசைன் படம், வாடிக்கையாளர் அனுப்பிய வீடியோ, குரூப்பில் வரும் காலை வணக்கம் என்று நிரம்பியிருக்கும். ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தால், புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் போன் பழையதை நகர்த்தி, அழித்து, இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். நீங்கள் தொட்டதும் ஒரு நொடி திகைத்து நிற்பது அதனால்தான். குறைந்தது எட்டு, பத்து ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்பதில் எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும், பெரிய வீடியோக்களிலிருந்து அழித்துக்கொண்டே வாருங்கள். அங்கேயே வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். டிசைன் படங்களை அழிக்கும் முன் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள், அது உங்கள் தொழில் முதல்.

பூஸ்டரை எடுத்த பிறகும் வாட்ஸ்அப் தாமதமானால், போன் கம்பெனி வைத்திருக்கும் பேட்டரி சிக்கனம்தான் அடுத்த காரணம். பேட்டரி அதிக நேரம் நிற்கிறது என்று விளம்பரம் செய்வதற்காக, பல கம்பெனிகள் பின்னால் இருக்கும் ஆப்களைத் தேவைக்கு மேல் முடக்கிவிடுகின்றன. போதாததற்குச் சில கம்பெனிகள் தாங்களே ஒரு கிளீனரைப் போட்டு, அதை அன்இன்ஸ்டால் செய்யவும் விடாமல், அதில் விளம்பரமும் காட்டுகின்றன. காசு கொடுத்து வாங்கிய போனில் இது அநியாயம். வாட்ஸ்அப்பின் விவரப் பக்கத்தில் பேட்டரி என்பதைத் தொட்டு ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். சில போன்களில் ‘ஆட்டோ ஸ்டார்ட்’ என்று தனியாக இருக்கும், அதையும் வாட்ஸ்அப்புக்கு மட்டும் போட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்த ஏழு நாள் இலவசம். ஆப்பை எடுத்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ளே போய் பூஸ்டர் பெயரைக் கண்டுபிடித்து கேன்சல் கொடுங்கள். அங்கே இல்லையென்றால், நீங்கள் சரி கொடுத்தது யூபிஐ ஆட்டோபே வழியாக இருக்கலாம். கூகுள் பே, போன்பே எதுவானாலும் உள்ளே ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் நிற்கும் அனுமதியை ரத்து செய்யுங்கள். ஏழாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம், இன்று இரவே செய்துவிடுங்கள்.